ஈர்ப்புத் தரவில் பிளவின் திசையும் சாய்வும்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

ஈர்ப்பு அளவீட்டைக் கொண்டு பிளவுப்பெயர்ச்சியை (பாறை உடைந்து இரு பக்கமும் நகர்ந்த இடத்தை) ஆராய்பவருக்கு இரண்டு விடைகள் வேண்டும். பிளவு எந்தத் திசையில் ஓடுகிறது என்பது முதலாவது; களத்தில் இதை ஸ்ட்ரைக் என்றே சொல்வார்கள், இங்கே ஓடுதிசை என்போம். பிளவுத்தளம் எந்தப் பக்கம், எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது இரண்டாவது. ஓடுதிசை தாராளமாகக் கிடைக்கும். தரவு சுமாராக இருந்தாலும் படத்தில் ஒரு கோடு தெரிந்துவிடும். சாய்வு அப்படி இல்லை; மொத்த அளவில் மிகச் சிறிய ஒரு பங்கில்தான் அது ஒளிந்திருக்கிறது. ஓடுதிசையைக் கெடுக்காத பிழைகூட சாய்வைத் தலைகீழாக்கிவிடும். அதனால் கீழே வரும் அறிகுறிகளை எழுதிய வரிசையிலேயே பாருங்கள். களப்பிழை இருக்கும்போது விளக்கத்தில் இறங்கிப் பயனில்லை.

எடுத்துக்காட்டுக்குக் காவிரிப் படுகையை வைத்துக்கொள்வோம். ஜுராசிக் இறுதியிலும் கிரெட்டேசியஸ் தொடக்கத்திலும் கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் பிரிந்தபோது இழுபட்டு உடைந்த இடம் இது. மேலே வண்டல் சமவெளி. அடியில் அரியலூர்–புதுச்சேரி பள்ளம், கும்பகோணம்–மாதானம் மேடு, தரங்கம்பாடிப் பள்ளம், காரைக்கால் மேடு, நாகப்பட்டினம் பள்ளம் என்று வடகிழக்கு–தென்மேற்காக மேடும் பள்ளமும் மாறிமாறி வருகின்றன. வயலில் நின்று பார்த்தால் இதில் எதுவும் தெரியாது. ஈர்ப்புக்குத் தெரியும்.

கையில் வைத்துக்கொள்ள ஒரு கணக்கு: பிளவின் இரு பக்கத்துக்கும் இடையே வரும் மொத்த ஈர்ப்பு வேறுபாடு மில்லிகாலில் (ஈர்ப்பை அளக்கும் சிறு அலகு) சுமார் 41.9 × அடர்த்தி வேறுபாடு × பெயர்ச்சி. அடர்த்தி கிராம்/க.செ.மீ. அளவிலும், பெயர்ச்சி (ஒரு பக்கம் மறுபக்கத்தைவிடச் செங்குத்தாக இறங்கிய அளவு) கி.மீ. அளவிலும் இருக்க வேண்டும். அடிப்பாறைக்கும் படிவுக்கும் 0.3 வேறுபாடு, பெயர்ச்சி 1 கி.மீ. என்றால் ஏறத்தாழ 12.6 மில்லிகால். வேறு எந்தப் பிழையையும் இந்த எண்ணோடு ஒப்பிட்டுத்தான் பெரிதா சிறிதா என்று சொல்ல முடியும்.

அறிகுறி: பிளவு இருப்பது உறுதி, ஆனால் படத்தில் ஒன்றுமே இல்லை

முதலில் மேலே சொன்ன கணக்கைப் போடுங்கள். பெயர்ச்சி 20 மீட்டர்தான் என்றால் மொத்தமே 0.25 மில்லிகால். உயரத்தை ஒரு மீட்டர் தப்பாக எடுத்தாலே 0.2 மில்லிகால் போய்விடும்; அப்புறம் எங்கே தெரியும்?

அடுத்து அடர்த்தி. ஈர்ப்பு பிளவைப் பார்ப்பதில்லை, அடர்த்தி மாறும் எல்லையைப் பார்க்கிறது. ஒரே நைஸ் பாறைக்குள் பக்கவாட்டில் நகர்ந்த பிளவுக்கு இரண்டு பக்கமும் ஒரே அடர்த்திதான். அங்கே ஈர்ப்பை அளக்கும் கிராவிமீட்டரைக் குறை சொல்லாமல் காந்த அளவீட்டுக்குப் போங்கள். இதற்கு நேர்மாறான ஏமாற்றும் உண்டு. சார்னோகைட்டும் (இன்னோர் அடிப்பாறை வகை) நைசும் வெறுமனே அருகருகே இருந்தாலே அழகான கோடு வரும். அங்கே பிளவு இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

மூன்றாவது, அளவிடங்களின் இடைவெளி. 500 மீட்டர் ஆழத்தில் தொடங்கும் பிளவை 3 கி.மீ. இடைவெளியில் அளந்தால், அளவிடங்களுக்கு நடுவே நடப்பதைக் கணினி ஊகித்து நிரப்புகிறது, அவ்வளவுதான். இடைவெளி பிளவின் மேல்முனை ஆழத்தைத் தாண்டக் கூடாது. சாய்வு வேண்டுமென்றால் அதிலும் பாதி.

அறிகுறி: மாறுவீதத்தின் உச்சங்கள் சாலையோடே போகின்றன, அல்லது புள்ளிப் புள்ளியாக நிற்கின்றன

டெல்டாவில் சாலையிலும் ஆற்றுக்கரையிலும்தான் கருவியை வைக்க முடியும். சாலை நெடுக 500 மீட்டருக்கு ஓர் அளவிடம், அடுத்த சாலைக்கோ 4 கி.மீ. இந்தத் தரவைச் சம இடைவெளிக் கிரிட்டாக மாற்றி, கிடைமட்ட மாறுவீதத்தை (பக்கவாட்டில் ஒரு கி.மீ.-க்கு ஈர்ப்பு எவ்வளவு மாறுகிறது என்பதை; பிளவை ஒட்டி இது உச்சம் தொடும்) கணக்கிட்டால் சாலையே பிளவாகத் தெரியும்.

சோதனை எளிது. அளவிடப் புள்ளிகளைப் படத்தின் மேல் இடுங்கள். உச்சம் ஒவ்வொன்றும் புள்ளி இருக்கும் இடத்திலேயே வந்தால், அது கிரிட் செய்த வேலை. கிரிட் இடைவெளியைச் சாலைகளின் இடைவெளிக்கு ஏற்பப் பெரிதாக்குங்கள், அல்லது குறுக்கே இரண்டு மூன்று கோடுகள் வயல் வரப்பில் நடந்தே அளந்து வாருங்கள். இரண்டாவதுதான் உருப்படியான வழி. அறுவடை முடிந்த பிறகு போனால் யாரும் திட்ட மாட்டார்கள்.

அறிகுறி: ஒரு நாள் வேலை முடிந்த இடத்தில் படி விழுகிறது

அளந்த கோட்டுக்கு இணையாகவோ, திங்கள்கிழமைப் பகுதிக்கும் செவ்வாய்க்கிழமைப் பகுதிக்கும் நடுவிலோ ஒரு "பிளவு" ஓடினால் அது நிலத்தடியில் இல்லை. கருவியின் டிரிஃப்ட்டை (நேரம் ஆக ஆக அளவு தானாக மெல்ல நகர்வதை) சரியாகக் கழிக்கவில்லை, அல்லது ஜீப் குழியில் விழுந்தபோது அளவு திடீரென்று தாவியிருக்கிறது. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அடிநிலையத்துக்கு (ஒப்பிடுவதற்காக மறுபடி மறுபடி அளக்கும் ஒரே இடத்துக்கு) திரும்பி வந்திருந்தால் எந்தச் சுற்றில் தாவியது என்று கண்டுபிடித்து, அந்தச் சுற்றை மட்டும் பிரித்துத் திருத்தலாம். திரும்பி வரவில்லையென்றால் மறுபடி அளப்பது தவிர வேறு வழியில்லை.

சூரிய சந்திரரால் வரும் ஓதமும் இங்கேதான் வந்து சேரும். அது ஒரு நாளில் 0.3 மில்லிகால் வரை ஏறி இறங்கக்கூடும். புதிய கருவிகள் தாமாகவே இதைக் கழித்துவிடும், ஆனால் நேர வேறுபாட்டை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி. அதைக் கூட்டல் குறியோடு கொடுப்பதா கழித்தல் குறியோடா என்பதைக் கருவியின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். குறி மாறினால் பிழை 11 மணி நேரம். ஓதத்தின் பெரும்பங்கு சுமார் 12.4 மணிக்கு ஒருமுறை திரும்பி வருவதால், 11 மணி நேரப் பிழை பார்வைக்கு ஏறக்குறைய சரிபோலவே இருந்துவிடும். அதுதான் ஆபத்து. நேர வேறுபாட்டையே கொடுக்காமல் விட்டவருக்கு, அலை தலைகீழாகி, பிழை உடனே கண்ணில் படும்.

சரிபார்க்கும் வழி: ஒரு நாள் முழுக்கக் கருவியை ஒரே இடத்தில் ஓடவிடுங்கள். திருத்திய பிறகும் அலை எஞ்சினால் நேரமோ இடமோ தப்பு.

அறிகுறி: சில அளவிடங்கள் மட்டும் பதினேழு பதினெட்டு மில்லிகால் தள்ளி நிற்கின்றன

இந்த எண்ணைப் பார்த்தாலே தமிழ்நாட்டில் என்ன நடந்தது என்று சொல்லிவிடலாம். ஜிபிஎஸ் தருவது, பூமியின் வடிவமாகக் கணக்கில் வைக்கும் நீள்வட்டக் கோளத்திலிருந்து உயரம். வரைபடமும் எஸ்ஆர்டிஎம் போன்ற விண்வெளி ரேடார் உயரத் தரவும் தருவது கடல்மட்டத்தை ஒட்டிய உயரம். உலகிலேயே ஜியாய்டு (கடல்மட்டத்தை நிலத்துக்கு அடியிலும் நீட்டினால் கிடைக்கும் பரப்பு) மிகத் தாழ்ந்து கிடப்பது இலங்கைக்குத் தெற்கேயுள்ள கடலில். நீள்வட்டத்துக்குக் கீழே 100 மீட்டருக்கும் மேல். டெல்டா அதன் ஓரத்தில் இருப்பதால் இங்கே வேறுபாடு 90 மீட்டரை ஒட்டி வரும். நாகப்பட்டினம் கடற்கரையில் ஜிபிஎஸ் மைனஸ் எண்பது, தொண்ணூறு என்று காட்டினால் கருவி பழுது என்று நினைக்க வேண்டாம்.

உயரத்தில் ஒரு மீட்டர் பிழை, 2.67 அடர்த்தி வைத்துக் கழித்த பூகே முரணில் (உயரத்தின் விளைவு, இடையிலுள்ள பாறையின் இழுப்பு முதலியவற்றை நீக்கிய பிறகு எஞ்சும் ஈர்ப்பில்) 0.197 மில்லிகால் ஆகும். 90 மீட்டருக்கு 17.7. இது 1.4 கி.மீ. பெயர்ச்சியுள்ள பிளவு தரும் அளவு. இரண்டு வகை உயரமும் கலந்த கோப்பில் படுகையின் எல்லைப் பிளவையே கண்டுபிடித்ததாக நம்பிவிடலாம். எல்லா உயரத்தையும் ஒரே வகைக்கு மாற்றிவிட்டு மறுபடி கணக்கிடுங்கள்.

இதன் சிறிய வடிவம்: எஸ்ஆர்டிஎம் உயரத்தை நேரடியாக எடுத்தால் தென்னந்தோப்பு, சவுக்குத்தோப்பு இருக்கும் இடமெல்லாம் தரை சில மீட்டர் உயர்ந்து தெரியும். தோப்பின் ஓரம் பிளவாகிவிடும். சாய்வு வேண்டியவர்கள் டிஜிபிஎஸ் (திருத்தம் சேர்த்த துல்லிய ஜிபிஎஸ்) அல்லது லெவலிங் (மட்டக்கருவியால் உயரம் அளத்தல்) இல்லாமல் இறங்க வேண்டாம்.

அறிகுறி: பிளவு மலையடிவாரத்தை அப்படியே தொடர்கிறது

படுகையின் மேற்கே பச்சைமலை, கொல்லிமலைப் பக்கம் போனால் இது வரும். நில அமைப்புத் திருத்தம் செய்யாவிட்டால் அடிவாரத்தில் ஈர்ப்பு குறைவாகத் தெரியும். மலை மேல்நோக்கி இழுக்கிறது, அந்த இழுப்பைத் திரும்பக் கூட்ட வேண்டும். நிலத்தில் இந்தத் திருத்தம் எப்போதும் கூட்டல்தான். உங்கள் பட்டியலில் கழித்தல் எண் இருந்தால் நிரலில் பிழை.

திருத்தம் சரியாக இருந்தும் கோடு போகவில்லையென்றால், பூகே அடர்த்தியைப் பாருங்கள். 2.5, 2.6, 2.7, 2.8 என்று மாற்றி மாற்றிக் கணக்கிட்டு, எந்த அடர்த்தியில் படம் மலையின் வடிவத்தை ஒத்துப்போவது நிற்கிறது என்று கவனியுங்கள். நெட்டில்டன் 1939-இல் சொன்ன வழிதான், இன்னும் பழுதாகவில்லை. சமதரையான டெல்டாவில் இது உதவாது, அங்கே கிணற்று அடர்த்திப் பதிவுகள்தான் துணை.

இணையத்தில் கிடைக்கும் உலகளாவிய மாதிரிகளை வைத்துப் பிளவு தேடுபவர்கள் இங்கே கொஞ்சம் நின்று போகவும். டபிள்யூஜிஎம்2012 என்ற உலக ஈர்ப்பு வரைபடக் கோப்பு 2 கலை நிமிட இடைவெளியில் இறங்கும், அதாவது 4 கி.மீ.-க்குச் சற்றுக் குறைவு. ஆனால் நிலத்தின் மேல் அதன் அடிப்படை இஜிஎம்2008 என்ற உலக ஈர்ப்பு மாதிரி. அதன் உண்மையான நுணுக்கம் 5 கலை நிமிடம், சுமார் 9 கி.மீ. இன்னொன்று, தரையளவு கிடைக்காத பகுதிகளில் அந்த மாதிரியின் குறுகிய அலைகளை நில உயரத்திலிருந்தே கணக்கிட்டு நிரப்பியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் மலையோரம் நீங்கள் காணும் பிளவு, உயர வரைபடம் வேறு நிறத்தில் திரும்பி வந்ததுதான். ஒரு படுகை எந்தப் பக்கம் நீண்டிருக்கிறது என்று பார்க்க இந்த மாதிரிகள் போதும். ஒரு பிளவின் சாய்வை அதிலிருந்து எடுத்தேன் என்று யாராவது சொன்னால் நான் நம்புவதில்லை.

அறிகுறி: ஓடுதிசை கண்ணாடியில் பார்த்ததுபோல, அல்லது செங்குத்தாகத் திரும்பி வருகிறது

மாறுவீத அம்பு ஈர்ப்பு கூடும் பக்கத்தைக் காட்டும். பிளவு அதற்குச் செங்குத்தாக ஓடும். 90 பாகை திருப்ப மறந்தால் வடகிழக்குப் பிளவு வடமேற்குப் பிளவாகும். கிரிட் கோப்பின் வரிசைகள் வடக்கிலிருந்து தெற்காக எண்ணப்பட்டிருக்க, நிரல் தெற்கிலிருந்து வடக்கு என்று எடுத்துக்கொண்டாலும் அதே விளைவு.

கணிதக் கோணம் கிழக்கிலிருந்து இடஞ்சுழியாக, திசைக்கோணம் வடக்கிலிருந்து வலஞ்சுழியாக. இரண்டும் குழம்பினால் 30 பாகை 60 ஆகும், 60 பாகை 30 ஆகும், ஆனால் 45 அப்படியே 45. காவிரிப் படுகையின் போக்கு வடகிழக்கு என்பதால் இந்தப் பிழை இங்கே மறைந்தே இருக்கும். திசை தெரிந்த ஒரு செயற்கைப் பிளவை, 45 அல்லாமல் 20 பாகையில் போட்டு, நிரலில் ஓட்டிப் பாருங்கள்.

ரோஸ் வரைபடத்தில் (எந்தத் திசையில் எத்தனை கோடுகள் என்று காட்டும் வட்ட வரைபடம்) 0, 45, 90, 135 பாகைகளில் மட்டும் கூர்முனைகள் நின்றால் அது பூமியின் அமைப்பு அல்ல. மாறுவீத உச்சங்களைக் கண்டுபிடிக்கும் பிளேக்லி, சிம்சன் இருவரின் 1986 வழிமுறை ஒவ்வொரு கட்டத்தையும் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களோடு, நான்கு திசைகளில் ஒப்பிடுகிறது. கட்டத்துக்குக் கட்டம் கோடு இழுத்தால் அந்த நான்கு திசைகள்தான் கிடைக்கும். உச்சப்புள்ளிகளை முதலில் நீண்ட கோடுகளாகப் பொருத்தி, நீளத்தின்படி எடை கொடுத்து அப்புறம் ரோஸ் போடுங்கள்.

அறிகுறி: ஒரே பள்ளத்தின் இரு சுவர்களும் இணையாக இல்லை

கரையை நோக்கிப் போகப்போக மேலோடு மெலிகிறது, அதன் அடியிலுள்ள அடர்ந்த மேன்டில் மேலே வருகிறது. அதனால் ஈர்ப்பு கிழக்கே மெல்லக் கூடிக்கொண்டே போகும். இந்த வட்டாரப் போக்கைக் கழிக்காமல் அம்புகளிலிருந்து ஓடுதிசை எடுத்தால் என்ன ஆகும் என்று ஒரு கணக்கு. 45 பாகையில் ஓடும் பள்ளம். சுவர்களில் மாறுவீதம் கி.மீ.-க்கு 2 மில்லிகால். வட்டாரப் போக்கு கிழக்கு நோக்கி கி.மீ.-க்கு 0.5. தென்கிழக்குச் சுவர் சுமார் 36 பாகை என்று காட்டும், வடமேற்குச் சுவர் 57 என்று காட்டும். இணையான சுவர்கள் 20 பாகை விலகிவிட்டன.

இதைக் கண்டுபிடிக்க நல்ல வழி ஒன்று உண்டு. நீண்ட நேரான பிளவில் மாறுவீத முகட்டுக்கோடு இடம் நகரலாம், ஆனால் அது ஓடும் திசை மாறாது. அம்புதான் திரும்பும். முகட்டின் திசையையும் அம்புக்குச் செங்குத்தான திசையையும் தனித்தனியே எடுத்து ஒப்பிடுங்கள். ஒத்துப்போகவில்லையென்றால் வட்டாரப் போக்கு இன்னும் உள்ளே இருக்கிறது.

அதற்காகப் பெரிய படி கொண்ட பல்லுறுப்புக் கோவையைப் போட்டுச் சுரண்டிவிட வேண்டாம். ஐந்தாம் படிக் கோவை அகன்ற பிளவையே வட்டாரப் போக்கு என்று கொண்டுபோய்விடும். இங்கே சாய்தளம் ஒன்று, மிஞ்சினால் இரண்டாம் படி போதும். மேற்கே வெளித்தெரியும் அடிப்பாறையில் சில அளவிடங்கள் இருந்தால், போக்கை அவற்றின் மேல் நிறுத்திப் பொருத்துங்கள். பாறை வெளியே தெரியும் இடத்தில் படிவின் பங்கு சுழி என்பது நிச்சயம்.

அறிகுறி: சாய்வு எதிர்ப்பக்கம் காட்டுகிறது

வழக்கமான உத்தி மேல்நோக்கித் தொடர்தல். 1 கி.மீ., 2 கி.மீ., 4 கி.மீ. உயரத்தில் அளந்திருந்தால் படம் எப்படி இருக்கும் என்று கணக்கிட்டு, ஒவ்வொன்றிலும் உச்சம் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது. உயரம் கூடக்கூட ஆழத்தின் பங்கு ஓங்கும், உச்சம் சாய்வின் பக்கம் நகரும். தனியாக நிற்கும் பிளவுக்கு இது சரி.

பள்ளத்துக்குச் சரியல்ல. இரண்டு சுவர்களும் செங்குத்தாகவே இருந்தாலும், உயரம் கூடும்போது உச்சங்கள் ஒன்றையொன்று விட்டு வெளியே நகரும். 10 கி.மீ. அகலமான பள்ளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆழமும் தொடர்ந்த உயரமும் சேர்ந்து 2.5 கி.மீ. ஆனால் நகர்வு கண்டுகொள்ள வேண்டியதில்லை. 5 கி.மீ. ஆனால் சுமார் 400 மீட்டர். 10 கி.மீ. ஆனால் 2 கி.மீ.-க்கும் மேல். வெளிப்பக்கம் நகர்ந்தால் சுவர் மேட்டுக்கு அடியில் சாய்கிறது என்று பொருள் கொள்வோம், அது எதிர்ப்பிளவு, அதாவது நெருக்குதலில் உண்டாவது. இழுபட்டு உண்டான படுகையில் இரு கரையிலும் எதிர்ப்பிளவு வந்தால் முதலில் இதைச் சந்தேகிக்கவும்.

மேட்டில் இதே பிழை இன்னும் நயமாக ஏமாற்றும். கும்பகோணம்–மாதானம் போன்ற மேட்டின் இரு ஓரமும் வெளியே நகர்ந்தால் இயல்புப் பிளவு (இழுபடும்போது உண்டாவது) என்று விடை வரும். நாம் எதிர்பார்த்ததும் அதுதான். அதனால் யாரும் கேள்வி கேட்பதில்லை. எதிர்பார்த்த விடை தப்பான காரணத்தால் வந்திருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். தொடரும் உயரத்தைப் பள்ளத்தின் அகலத்தில் கால் பங்குக்குள் நிறுத்துங்கள். அதற்கு மேலே போனது எதையும் சாய்வுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

நகர்வை உயரத்தால் வகுத்து அதிலிருந்து சாய்வுக் கோணம் எடுப்பதும் வேண்டாம். தொடர்ந்த உயரம் பிளவின் ஆழம் ஆகாது. அந்தக் கணக்கு எந்தக் கோணத்தை வேண்டுமானாலும் தரும்.

இதைவிட நான் நம்புவது ஒற்றைக் கோட்டில் மாறுவீத வளைவின் வடிவம். பிளவின் மேல்முனை கூர்மையான உச்சம் தருகிறது, ஆழப்பகுதி சாய்வின் பக்கம் தள்ளி அகன்ற உச்சம் தருகிறது. இரண்டும் சேரும்போது வளைவின் ஒரு பக்கம் செங்குத்தாக இறங்கும், மறுபக்கம் வால்போல நீளும். வால் எந்தப் பக்கமோ சாய்வு அந்தப் பக்கம். வால் பள்ளத்தின் பக்கம் என்றால் இயல்புப் பிளவு, மேட்டின் பக்கம் என்றால் எதிர்ப்பிளவு. கோடு பிளவுக்குச் செங்குத்தாகவும், இரு பக்கமும் ஆழத்தைப்போல மூன்று நான்கு மடங்கு நீளமாகவும் இருக்க வேண்டும். வால் முடியும் முன்பே அளப்பதை நிறுத்திவிட்டால் விடை பாதியில் நிற்கும்.

அறிகுறி: சாய்வு 60 பாகையா 75 பாகையா என்று நிற்கவே மாட்டேன் என்கிறது

நிற்காது. மேல்முனை 500 மீட்டர், அடிமுனை 2.5 கி.மீ., அடர்த்தி வேறுபாடு 0.3 என்று ஒரு பிளவை வைத்துக்கொண்டால் மொத்த அளவு 25 மில்லிகால். 60 பாகைப் பிளவின் வளைவையும் 75 பாகைப் பிளவின் வளைவையும் நன்றாகப் பொருத்தி ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அரை மில்லிகாலைத் தாண்டாது, அதுவும் பிளவின் நேர் மேலே ஒரு கி.மீ. அகலத்துக்குள்தான். அந்த ஒரு கி.மீ.-க்குள் உங்களுக்கு எத்தனை அளவிடங்கள் இருக்கின்றன? அங்கே உயரம் எவ்வளவு துல்லியம்? இந்த இரண்டு கேள்விக்கும் விடை சொன்ன பிறகு மென்பொருளைத் திறக்கலாம்.

அடர்த்தி ஆழத்தோடு மாறுவதையும் சேர்க்க வேண்டும். படிவு ஆழத்தில் இறுகுகிறது, அடிப்பாறையோடு உள்ள வேறுபாடு குறைகிறது. மேற்பரப்பில் உள்ள வேறுபாட்டையே அடிவரை வைத்துக்கொண்டால் அடிப்பாறை மேலே ஏறி வரும். ஆழப்பகுதியின் பலவீனமான வாலுக்கு மாதிரியில் வேறு விளக்கம் இல்லாததால் பிளவும் உள்ளதைவிடச் செங்குத்தாகிவிடும். கலிபோர்னியாவின் சான் ஹாசின்டோ பள்ளத்துக்குக் கார்டெல் 1973-லேயே ஆழத்தோடு படிப்படியாகத் தேயும் அடர்த்திச் சார்பைப் பயன்படுத்தினார். டெல்டாவில் அருகில் ஏதாவது கிணற்றுப் பதிவு கிடைத்தால் அதிலிருந்தே சார்பைப் பொருத்திக்கொள்ளலாம்.

ஈர்ப்பு மாறுவீத டென்சரின் (ஈர்ப்பு ஒவ்வொரு திசையிலும் எப்படி மாறுகிறது என்பதைத் தொகுக்கும் எண் அட்டவணை) ஐகன்வெக்டரிலிருந்து, அதாவது அந்த அட்டவணையின் முதன்மைத் திசைகளிலிருந்து, சாய்வு எடுக்கும் முறையும் வந்திருக்கிறது. ஜப்பானில் குசுமோட்டோ செய்த வேலை பலரும் எடுத்தாள்வது. ஆனால் எந்த ஐகன்வெக்டரை எடுப்பது என்பது இயல்புப் பிளவா எதிர்ப்பிளவா என்பதைப் பொறுத்தது. வகை தெரியாமல் கோணம் கேட்க முடியாது. தரையில் அளந்த செங்குத்து ஈர்ப்பிலிருந்து டென்சரைக் கணக்கிட்டால் குறுகிய அலை இரைச்சல் பலமடங்கு பெருகும்; மேலே சொன்ன சாலைப் புள்ளிகள் எல்லாம் திரும்பி வரும்.

அறிக்கையில் ஒற்றைக் கோணம் எழுதாதீர்கள். 45, 60, 75, 90 என்று நான்கு மாதிரிகளை ஓட்டி, ஒவ்வொன்றிலும் மேல்முனை ஆழத்தையும் அடர்த்தியையும் தளர்வாக விட்டுப் பொருத்துங்கள். எந்தெந்த மாதிரிகள் உங்கள் அளவீட்டுப் பிழைக்குள் அடங்குகின்றனவோ அவை எல்லாமே விடைதான். 60 முதல் 90 வரை எல்லாம் அடங்கினால் "தென்கிழக்காகச் செங்குத்தான சாய்வு" என்று எழுதிவிட்டு, நிலநடுக்க அலை வெட்டுமுகம் ஒன்று எங்கே எடுத்தால் இதைத் தீர்க்கலாம் என்று வரைபடத்தில் ஒரு கோடு போட்டுக் கொடுங்கள்.